மகாராஜாவின் மெட்னரும் கோயமுத்தூர் தாயியின் தட்டும்

நிகொலாய் மெட்னர் எழுதிய மூன்றாவது பியானோ கன்சர்ட்டோ, மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாருக்குக் காணிக்கையாக்கப்பட்ட படைப்பு. மெட்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து 1930களின் நடுவில் லண்டனில் குடியேறினார். போர்க்காலத்தில் இதய நோயோடு போராடிக்கொண்டே இந்தக் கன்சர்ட்டோவை எழுதினார். 1944 பிப்ரவரியில் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஏட்ரியன் போல்ட் இசைக்குழுவை நடத்த, மெட்னரே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார். சில ஆண்டுகளில் அவருடைய மூன்று கன்சர்ட்டோக்களும், கூடவே பாடல்கள், தனிப் பியானோ உருப்படிகள், அறையிசைப் படைப்புகள் சிலவும் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் தட்டுகளாக வெளிவந்தன. மெட்னர் சங்கம் என்ற பெயரில் வந்த அந்தத் தொகுதிகளுக்கான செலவு மைசூர் அரண்மனையிலிருந்து போனது.

அந்த மைசூர் கொங்கு நாட்டுக்கு அந்நியமான ஊர் இல்லை. 1799இல் திப்பு வீழும்வரை கோயமுத்தூர்ச் சீமை மைசூரின் ஆட்சியில் இருந்தது. கொள்ளேகால் 1956இல் மாநில எல்லைகள் மாறும்வரை கோவை மாவட்டத்துத் தாலுகா. சத்தியமங்கலத்தில் கிளம்பித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட்டால் அந்தப் பக்கம் சாமராஜநகர், அதற்கு அடுத்து மைசூர். உடையார்களுக்கு 1873 முதல் ஊட்டியில் ஃபெர்ன்ஹில் அரண்மனையும் இருந்தது. இதே ஜெயசாமராஜேந்திரர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். நம் ஆளுநர்களின் பட்டியலில் ரஷ்யக் கன்சர்ட்டோ ஒன்றின் காணிக்கைப் பக்கத்தில் இடம்பெற்றவர் இவர் ஒருவர்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1919இல் பிறந்தவர், 1940இல் பட்டத்துக்கு வந்தவர். மேற்கத்திய இசையில் முறைப்படி பயின்று லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டயம் பெற்றவர். கர்நாடக இசையில் ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கிருதிகள் செய்தவர். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை 1945இல் தொடங்கிய வால்டர் லெக், மைசூருக்கு வந்து அவரோடு தங்கியதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அரண்மனையில் இருந்த பிரம்மாண்டமான இசைத்தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கி வரிசையையும் பெரிய பியானோக்களையும் பார்த்து அவர் மலைத்துப் போயிருந்தார். மெட்னர் பதிவுகளுக்கான பணம் தவிர, ஃபில்ஹார்மோனியாவுக்கும் அதன் கச்சேரி அமைப்புக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு மகாராஜா ஒப்புக்கொண்டார் என்பது லெக்கின் கணக்கு. 1950 மே மாதம் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ லண்டனில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது, பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். அந்தக் கச்சேரிக்கும் மகாராஜா உத்தரவாதத் தொகை கொடுத்தார். அவர் வைத்த நிபந்தனை, கச்சேரியைப் பதிவு செய்து தட்டை மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பது. அரங்கில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

என் கட்டுரைக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம். ரொமான்டிக் கால கன்சர்ட்டோ ஒன்றின் பல பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது ஐரோப்பிய நகரவாசிக்கு ஒரு பொழுதுபோக்கு. அரங்கில் கேட்டதை வீட்டில் தட்டோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார். கோவையில் நிரந்தரமான சிம்பொனி இசைக்குழு கிடையாது. பாரதிய வித்யா பவனில் மார்கழிக்கு யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளுண்டு. மெட்னரை யார் வாசிக்கிறார்கள் என்று யாரிடம் கேட்பது? ஆர்.எஸ்.புரத்தில் இருப்பவருக்கும் அன்றைய மைசூர் அரண்மனையில் இருந்தவருக்கும் இந்த இசை வந்து சேர்ந்த வழி ஒன்றே, பதிவு. ஒப்பிட்டுக் கேட்பது நமக்குக் கேட்ட பிறகு செய்யும் வேலை அல்ல, அதுதான் கேட்பதே. அப்படியானால் பதிவு என்பது எதை நிறுத்தி வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில் மற்றவர்களைவிட நாம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கறாருக்கு நல்ல பாடம் கோயமுத்தூரின் பெயரைத் தாங்கிய ஒரு குரலில் இருக்கிறது. பழனிக்குஞ்சரம் என்ற கோயமுத்தூர் தாயி 1872 முதல் 1917 வரை வாழ்ந்தவர். பரம்பரையாக இசையும் நடனமும் வளர்ந்த குடும்பம். சென்னையில் புகழ்பெற்று, கிராமபோன் கம்பெனி தென்னிந்தியாவில் பதிவு செய்யத் தொடங்கிய முதல் தலைமுறைப் பாடகிகளில் ஒருவரானார். இசைத்தட்டு வணிகத்துக்கு அன்று அவர் பெயர் நல்ல முதல். 1911-12இல் ராவெலின் மாணவரும் நெருங்கிய நண்பருமான மோரிஸ் தெலாழ் இந்தியா வந்தார். ஊர் திரும்பியவர் ‘நான்கு இந்துக் கவிதைகள்’ என்ற பாடல் தொகுதியை எழுதினார். அதன் முதல் பாட்டுக்குப் பெயர் ‘மதராஸ்’. 1914 ஜனவரியில் பாரிஸில் ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் புதிய பாடல்களோடு ஒரே மேடையில் அது அரங்கேறியது. அதற்கடுத்து அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. கோயமுத்தூர் தாயி வள்ளலாரின் அருட்பாவை ராகமாலிகையாகப் பாடிய தட்டைக் கேட்டுக் கேட்டு, அதை அப்படியே ஐரோப்பியச் சுரக்குறிப்பில் இறக்கி, பியானோவையும் சேர்த்து ‘ராகமாலிகா’ என்று வெளியிட்டார். தமிழ்ப் பாட்டு என்று அதற்குத் துணைத் தலைப்பும் கொடுத்தார். சொற்கள் தமிழிலேயே இருந்தன. தாள வாத்தியத்தின் அடங்கிய ஒலி வேண்டும் என்பதற்காகப் பியானோவில் ஒரு தந்தியின் அடியில் அட்டையைச் செருகிக் கார்வையை அடக்கச் சொன்னார். ஜான் கேஜ் தந்திகளுக்கிடையே திருகாணிகளைச் செருகிப் பெயர் வாங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு நடந்தது இது.

இப்போது தாயியின் தட்டையும், பிரெஞ்சுப் பாடகி ஒருவர் பாடிய ‘ராகமாலிகா’ பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் என்ன ஆகிறது? முதல் முறை சிரிப்பு வரும். கமகம் வரும் இடங்களில் அந்தப் பாடகி ஏணிப்படி இறங்குவதுபோல் சுரம் சுரமாக இறங்குகிறார். ழகரமும் ளகரமும் பாரிஸ் நாக்கில் படும் பாடு தனி. ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு விசித்திரம் தென்படும். தாயி அந்தப் பாட்டை அடுத்த வாரம் பாடியிருந்தால் வேறு மாதிரிப் பாடியிருப்பார். எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்தப் பிடியை இரண்டாம் முறை சுருக்கினார் என்பதெல்லாம் அந்த ஒரு பகல், அந்த ஒரு மெழுகுத் தட்டு, அந்த மூன்று சொச்சம் நிமிடம் ஆகியவற்றின் விளைவு. தெலாழின் தாளில் ஏறியதும் அவை விதியாகிவிட்டன. நூறாண்டாக ஐரோப்பியப் பாடகிகள் தாயியின் தற்செயல்களைப் பயபக்தியோடு அடியொற்றுகிறார்கள். மனோதர்மம் என்று நாம் சொல்வது அங்கே மாற்றக்கூடாத பாடமாயிற்று. தெலாழ் செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. அவருடைய காது அபாரமானது, அவர் காலத்து ஐரோப்பியரில் மிகச் சிலருக்கே அது வாய்த்தது. பதிவு எதைக் கல்லாக்கும் என்பதை அந்தப் பதிவே தீர்மானிப்பதில்லை, அடுத்து அதைக் கையில் எடுப்பவர் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மெட்னரின் கதையில் வரிசை தலைகீழ். அங்கே தாள் முதலில் வருகிறது. சுரம், கால அளவு, அழுத்தம், வேகம் எல்லாம் எழுதியாகிவிட்டது. மெட்னர் எழுதுவதில் மகா கண்டிப்பானவர். நவீன இசையின் போக்கைக் கண்டித்து 1935இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். வெளியிட உதவியவர் ரக்மானினாஃப். இருவருக்கும் இடையே இருந்த மதிப்புக்கு அடையாளமாக ரக்மானினாஃபின் நான்காவது கன்சர்ட்டோ மெட்னருக்கும், மெட்னரின் இரண்டாவது கன்சர்ட்டோ ரக்மானினாஃபுக்கும் காணிக்கையாயின. இவ்வளவு கறாராக எழுதப்பட்ட ஒன்றைப் படைத்தவரே வாசித்துப் பதிவும் செய்துவிட்டார் என்றால், பின்னால் வருபவர்களுக்கு என்னதான் மிச்சம்?

நிறையவே மிச்சம். மெட்னரின் தட்டுகளைத் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு முதல் காரணம் அந்தத் தட்டுகளின் அளவு. இரண்டாவது, மூன்றாவது கன்சர்ட்டோக்கள் 1947இல் பதிவாயின. அப்போது 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம் கொள்ளும், அவ்வளவுதான். காந்த நாடா இன்னும் ஒலிக்கூடங்களுக்குள் வரவில்லை. ஒரு பக்கத்தில் பிழை நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், வெட்டி ஒட்ட வழியில்லை. மூன்றாவது கன்சர்ட்டோ சுமார் 35 நிமிடம் ஓடும். எட்டுப் பக்கங்களுக்குக் குறையாது. கொடுமை என்னவென்றால், அதன் மூன்று பகுதிகளையும் இடைவெளியில்லாமல் ஒரே மூச்சில் வாசிக்கும்படி மெட்னர் எழுதியிருந்தார். ஒரே மூச்சுக்கென்று எழுதியதை, அவரே மூச்சு மூச்சாக நறுக்கி வாசிக்க வேண்டியிருந்தது. பக்கம் முடியும் இடத்தில் கையை எடுத்துவிட்டு, அடுத்த தட்டு தயாரானதும் அதே வேகத்தையும் அதே உணர்ச்சியையும் மீட்டெடுக்க வேண்டும். இன்று குறுந்தட்டிலும் செல்பேசியிலும் அந்த இணைப்புகளைத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். ஆனாலும் கூர்ந்து கேட்டால் சில இடங்களில் ஓட்டம் ஒரு கணம் புதிதாகத் தொடங்குவது தெரியும். அதை மெட்னரின் கருத்து என்று எடுத்துக்கொண்டு ஒருவர் பின்பற்றினால், தாயியின் மூச்சைப் பின்பற்றிய கதைதான்.

இரண்டாவது காரணம் உடல். 67 வயது, 1942இலேயே மாரடைப்பு கண்ட இதயம். நான்கே ஆண்டுகளில், 1951 நவம்பரில், இறந்துபோனார். கடைசிப் பகுதியின் பாய்ச்சல்களில் அவர் காட்டும் நிதானம் கொள்கையா, களைப்பா என்று தட்டைக் கேட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று சந்தேகமில்லாமல் கேட்கிறது. அடிப்படை லயத்தை அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. மெல்லிசையான இரண்டாம் கருப்பொருள் வரும்போது பெரும்பாலான பியானோக் கலைஞர்கள் குழைந்து நின்றுவிடுகிறார்கள். மெட்னர் நிற்பதில்லை. இடது கை நடந்துகொண்டே இருக்கிறது, வலது கை அதன்மேல் சற்று முன்னும் பின்னுமாக அசைகிறது. காலப்பிரமாணம் பிசகாமல் நிரவல் செய்யும் வித்வானைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ரொமான்டிக் இசை என்றால் உருகுதல் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

இந்த இரண்டு கன்சர்ட்டோக்களின் பதிவையும் நடத்தியவர் இஸ்ஸாய் தோப்ரோவேன். அவரும் ரஷ்யர், மாஸ்கோ இசைக்கல்லூரியில் பயின்றவர், பியானோக் கலைஞரும்கூட. மெட்னரின் அடர்த்தியான உள்குரல்கள் அவருக்கு இயல்பாகப் புரிந்தன. முதல் கன்சர்ட்டோவை நடத்திய ஜார்ஜ் வெல்டனிடம் அந்தச் சுவாதீனம் குறைவு என்பது என் எண்ணம். இசைக்குழு பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதே தவிர பேச்சில் சேரவில்லை.

மூன்றாவது கன்சர்ட்டோவின் கதையை அறிந்தால் ஒப்பீடு எளிதாகும். லெர்மன்தவின் ‘ருசால்கா’ என்ற கவிதையில், நிலவொளி விழும் ஆற்றில் நீர்மகள் ஒருத்தி நீந்தியபடி, அடியாழத்தில் கிடக்கும் வீரன் தன் முத்தத்துக்கும் விழிக்கவில்லை என்று பாடுகிறாள். மெட்னரின் முதல் பகுதி அந்த நீரில் தொடங்குகிறது. பியானோவில் அலை அலையாக எழும் உருவங்கள், மேலே நீண்ட பாட்டு. கவிதை அங்கேயே முடிகிறது. மெட்னர் முடிக்கவில்லை, சிறிய இடைப்பகுதி ஒன்றைத் தாண்டி இறுதிப் பகுதியில் வீரனை எழுப்பிவிடுகிறார். ஆகவே வாசிப்பவருக்கு முன்னால் உள்ள சிக்கல் இது: தொடக்கத்தில் எவ்வளவு மயங்கினால் முடிவில் விழிப்பு எடுபடும்? தொடக்கத்தை அழகாக்கினால் இறுதிப் பகுதி சத்தமாக மட்டும் நிற்கும். தொடக்கத்தை அடக்கினால் விழிக்கத் தூக்கமே இல்லாமல் போகும்.

மெட்னர் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார். சோவியத் யூனியனில் தத்யானா நிகொலாயெவா பியானோ வாசிக்க ஸ்வெத்லானோவ் நடத்திய பதிவு முதலாவதன் பக்கம். அகலமான நதி, கனமான பித்தளை வாத்தியங்கள், பாட்டு எங்கும் தடையில்லாமல் வழிகிறது. இறுதிப் பகுதி வரும்போது நாம் ஏற்கெனவே உச்சிக்குப் போய்விட்டிருக்கிறோம். ஆனாலும் இந்தப் பதிவை ஒதுக்க எனக்கு மனமில்லை. நாடு விட்டுப் போனவரின் இசையை அந்த நாடே திரும்ப எடுத்துப் பாடும் உரிமை அதில் கேட்கிறது. 1959 தொடங்கிச் சில ஆண்டுகளில் மெட்னரின் முழுப் படைப்புகளையும் 12 தொகுதிகளாக மாஸ்கோவில்தான் அச்சிட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் இரண்டு பதிவுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, மெட்னரைத் தூசு தட்டி எடுத்தன. ஒன்று ஹைப்பீரியன் நிறுவனத்தின் ரொமான்டிக் பியானோ கன்சர்ட்டோ வரிசையில் இரண்டாவது வெளியீடு. நிகொலாய் தெமிதென்கோ வாசிக்க, பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனி இசைக்குழுவை யெர்ஸி மாக்ஸிமியுக் நடத்தியது, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. மற்றொன்று ஷாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட ஜெஃப்ரி டோஸரின் பதிவு. லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை நீமே யார்வி நடத்தினார், மூன்று கன்சர்ட்டோக்களும் அடக்கம். டோஸர் ஆஸ்திரேலியர் என்று அறியப்பட்டாலும் 1954இல் பிறந்தது நம் முசூரியில். மைசூர் பணத்தில் தொடங்கிய காரியத்தை இமயமலை அடிவாரத்தில் பிறந்த ஒருவர் தொடர்ந்தார் என்பதில் எந்தத் தத்துவமும் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தெமிதென்கோவின் விரலில் எஃகு இருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் விளிம்பு உண்டு. மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள தூரத்தை அவர் நீட்டிக்கொண்டே போகிறார். இரண்டாவது கன்சர்ட்டோவின் தொடக்கமான டொக்காட்டாவுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. நான் கேட்டவற்றில் அந்தப் பகுதிக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. மூன்றாவதில் இதே குணம் குறையாகிறது. நீர்மகள் முதல் வரியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். டோஸர் நேர் எதிர். அவசரமே இல்லை. எதிரொலி நிறைந்த ஷாண்டோஸ் ஒலிப்பதிவு பியானோவின் உள்குரல்களைக் கொஞ்சம் கரைக்கிறது, அது உண்மை. ஆனால் கருப்பொருள் ஒன்று வேறொன்றாக மாறும் சந்திகளில் அவர் காட்டும் பொறுமை வேறு யாரிடமும் இல்லை. ஒரு ராகத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தில் நின்று நிதானித்து நகர்வார்களே, அந்த நிதானம். மெட்னரின் கட்டுமானமே இந்தச் சந்திகளில்தான் இருக்கிறது. ரக்மானினாஃபைப்போல் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பெரிய மெட்டை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து திரும்புவதும் இதனால்தான். மெட்னரிடம் மெட்டு குறைவில்லை. அது வந்த கையோடு வேறொன்றாகத் திரிந்துவிடும், காது அதன் பின்னால் ஓட வேண்டும்.

யெவ்கேனி சுத்பின் பெர்கன் இசைக்குழுவோடு ஆண்ட்ரூ லிட்டன் நடத்த, பிஸ் நிறுவனத்துக்குச் செய்த பதிவு பிந்தைய தலைமுறை. ஒலிப்பதிவின் தெளிவு வியக்கவைக்கும். 1947இல் குழம்பிப்போன உள்குரல்களெல்லாம் இங்கே தனித்தனியாக எழுந்து நடக்கின்றன. ஸ்க்ரியாபினின் கன்சர்ட்டோவோடு சேர்த்து வெளியிட்டதால் மெட்னருக்குச் சற்று நஷ்டம். ஸ்க்ரியாபினின் மிதப்பைக் கேட்ட கையோடு இவருடைய தர்க்கத்துக்குள் நுழைவது சிரமம். நாக்ஸோஸுக்காக மூன்றையும் வாசித்த கான்ஸ்தந்தின் ஷெர்பகோவ் நேர்மையானவர், நம்பகமானவர். அவரைப் பற்றி எனக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

இசை விமர்சனத்தில் நட்சத்திரம் கொடுத்து வரிசைப்படுத்தும் பழக்கம் ஒன்று உண்டு. எது இறுதியான பதிவு என்று கேட்பார்கள். நம் கச்சேரி ரசிகர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இறுதியான தோடி என்று ஒன்று இருப்பதாக யாரும் நினைப்பதில்லை, ஜி.என்.பி.யின் தோடி, செம்மங்குடியின் தோடி என்றுதான் பேச்சு. ஆனால் அந்த ரசிகரே மேற்கத்திய இசைக்கு வந்ததும் படைத்தவர் வாசித்ததே சரி என்று பணிந்துவிடுவதைப் பார்க்கிறேன். தாளில் எழுதியதற்கு மனோதர்மம் இல்லை என்ற நினைப்பு அதற்குக் காரணமாக இருக்கலாம். மேலே சொன்ன பதிவுகளில் சுரம் ஒன்றுகூட மாறவில்லை. எங்கே நின்றார்கள், எந்தக் குரலை முன்னே விட்டார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதில்தான் அத்தனை வேறுபாடும். நிகொலாயெவாவின் வீரனும் தெமிதென்கோவின் வீரனும் ஒரே ஆள் இல்லை.

மெட்னர் சங்கத்தின் தட்டுகள் வெளிவந்த காலம் அவற்றுக்குப் பாதகமாக அமைந்தது. 1947க்குப் பிறகு சமஸ்தானங்கள் இணைந்தன. மகாராஜாவின் கஜானா முன்போல் அவர் கையில் இல்லை, திட்டமிட்ட பதிவுகள் முழுமையடையவில்லை. 1948இல் அமெரிக்காவில் நீளத் தட்டு வந்தது; 1952இல் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸும் அதற்கு மாறியது. சுமந்து தூக்க வேண்டிய 78 வேகத் தொகுதிகளை யாரும் சீந்தவில்லை. மெட்னரின் கன்சர்ட்டோக்கள் பிறகு டெஸ்டமெண்ட் நிறுவனத்தின் குறுந்தட்டுகளாகத் திரும்பி வந்தன. இன்று எவர் செல்பேசியிலும் கேட்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: மூன்றாவது கன்சர்ட்டோவை டோஸரிடம் கேளுங்கள், அவசரப்படாமல், இரண்டு மூன்று முறை. மெட்டுகள் எங்கே திரும்பி வருகின்றன என்று காது கண்டுகொண்ட பிறகு மெட்னரிடம் போங்கள். போகும்போது இசைத்தட்டின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு இடது கையை மட்டும் கவனியுங்கள். மறுநாள் தெமிதென்கோ. கோயமுத்தூர் தாயியின் தட்டையும் தேடிப் பாருங்கள். அதற்கு முன்னறிமுகம் எதுவும் தேவையில்லை.